உயிர் காக்கும் தாளம்



"எப்போது பார்த்தாலும் பாட்டுத்தானா? புத்தகத்தை எடு!" என்று வீட்டில் திட்டு வாங்காத மாணவி நம் பள்ளியில் எவளேனும் உண்டா? அப்படியிருக்க, ஒரு பாட்டை மனத்துக்குள் பாடிக்கொண்டே செய்தால்தான் பாடம் சரியாக வரும் என்று ஒருவர் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்! இவ்வாண்டு நடந்த முதலுதவி வகுப்பில் எங்களுக்கு அந்த வியப்புத்தான் காத்திருந்தது.

வகுப்பெடுக்க வந்த செவிலியர் அக்கா, இடுப்புக்கு மேல் மட்டுமே உள்ள ஒரு ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தினார். "இவருக்கு இதயம் நின்றுவிட்டது. மார்பை அழுத்தி உயிரைக் காப்பாற்றுங்கள் பார்ப்போம்" என்றார். முதலில் நான் போனேன். பதற்றத்தில் மளமளவென்று அழுத்தினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "நிமிடத்துக்கு நூற்றைம்பது! ரயிலைப் பிடிக்கப் போகிறாயா, அம்மா?" என்றார். அடுத்து வந்த என் தோழி மிக நிதானமாக அழுத்தினாள். "நீ என்ன, அம்மியில் மிளகாய் அரைக்கிறாயா?" என்றதும் வகுப்பே சிரித்தது.

பிறகு அக்கா தம் கைப்பேசியில் ஓர் ஆங்கிலப் பாட்டைப் போட்டார். "இந்தத் தாளத்துக்கு அழுத்துங்கள்" என்றார். என்ன விந்தை! அதன்பின் பொம்மையின் முன் மண்டியிட்ட அத்தனை பேரும் சரியான வேகத்தில் அழுத்தினோம். அந்தப் பாட்டின் பெயர் 'ஸ்டேயின் அலைவ்'. 'உயிரோடு இருத்தல்' என்பது அதன் பொருள். பாடியவர்கள் 'பீ ஜீஸ்' என்னும் குழுவினர். வெளிவந்த ஆண்டு 1977.

மாலையில் வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் சொன்னேன். "அடடே, அது டிஸ்கோ பாட்டல்லவா! அதைக் கேட்டால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்று எங்கள் அப்பா கேசட்டைப் பிடுங்கி வைத்தாரே!" என்று சிரித்தார். தாத்தாவிடமிருந்து பிடுங்கப்பட்ட பாட்டு பேத்தியின் முதலுதவி வகுப்புக்கு வந்தது எப்படி? தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மூன்று சகோதரர்கள்

பாரி கிப், ராபின் கிப், மாரிஸ் கிப் என்னும் மூவரும் உடன்பிறந்தவர்கள். பாரி 1946இலும், இரட்டையரான ராபினும் மாரிஸும் 1949இலும் பிரிட்டனை அடுத்துள்ள 'ஐல் ஆஃப் மேன்' என்னும் தீவில் பிறந்தனர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் சிறிது காலம் வளர்ந்தனர். 1958இல் குடும்பம் ஆஸ்திரேலியாவில் குடியேறியது. சிறுவயதிலேயே மேடையேறிய இவர்கள், 1967இல் இங்கிலாந்துக்குத் திரும்பிப் பெயர் பெற்றனர். அப்போது இவர்கள் பாடியவை டிஸ்கோ பாட்டுகள் அல்ல. கிதாரும் டிரம்ஸும் முன்நிற்க, மூன்று குரல்கள் ஒன்றோடொன்று இழையும் பாட்டுகளே இவர்களுடைய செல்வம்.

சில ஆண்டுகளில் அந்தப் புகழ் மங்கியது. 1975இல் அமெரிக்காவின் மயாமி நகருக்குச் சென்று புதிய முறையில் பாடத் தொடங்கினர். ஒரு பாட்டின் முடிவில் யாராவது சுருதி விலகாமல் உச்சக் குரலில் கூவ முடியுமா என்று தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின் கேட்டார். பாரி முயன்று பார்த்தார். ஆண்குரல் என்றே நம்ப முடியாத அந்த மெல்லிய உச்சக் குரல் அன்று பிறந்தது. பின்னர் அதுவே அவர்களுடைய அடையாளமாயிற்று.

டிஸ்கோவும் ராக்கும்

இவ்விரண்டு சொற்களையும் நாம் அடிக்கடி கேட்கிறோம், வேறுபாடு என்ன? ராக் இசை மின்கிதாரை நம்பி நிற்பது. கிதாரில் ஒரு சிறு சொற்றொடர் போன்ற இசைத்துண்டு திரும்பத் திரும்ப வரும். டிரம்ஸ் கனமாக விழும். டிஸ்கோவோ ஆடுவதற்கென்றே பிறந்தது. இசைத்தட்டுகளைச் சேர்த்துவைத்து ஒலிக்கும் இடத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1970களில் நியூயார்க் போன்ற நகரங்களில், கறுப்பின மக்களும் ஸ்பானிய மொழி பேசுவோரும் கூடி ஆடிய கூடங்களில் அது வளர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கை தவறாமல் விழும் அடி; மேலே வயலின்களின் அலை. அதன் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டியிருக்கும்.

'ஸ்டேயின் அலைவ்' இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தொடக்கத்திலேயே ஆலன் கெண்டாலின் கிதார் ஒரு சிறு துண்டைப் பிடித்துக்கொள்கிறது. பாட்டு முழுதும் அதை விடுவதில்லை. இது ராக் தந்த சொத்து. அடி தவறாத ஓட்டமும் வயலின்களும் டிஸ்கோ தந்தவை. ஆனால் வேகம் மட்டும் வழக்கமான டிஸ்கோவைவிடக் குறைவு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 103 அடி. ஓட்டமும் இல்லை, ஊர்தலும் இல்லை. நிமிர்ந்து நடக்கும் ஒருவரின் நடை. தோழியரே, இந்த 103 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்!

டிரம்ஸ் வாசிக்க ஆளில்லை

1977இன் தொடக்கத்தில் பாரிஸ் நகருக்கு வடமேற்கே எரூவில் என்னும் ஊரிலுள்ள ஒரு பழைய மாளிகையில் குழுவினர் தங்கியிருந்தனர். அங்கே ஓர் ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. அவர்களுடைய மேலாளர் ராபர்ட் ஸ்டிக்வுட் ஒரு திரைப்படம் எடுக்கவிருந்தார். அதற்குப் பாட்டுகள் வேண்டுமென்று கேட்டார். படத்தைப் பார்க்காமலே சகோதரர்கள் பாட்டெழுதினர்.

பாட்டு உருவாகிவந்த வேளையில், டிரம்ஸ் வாசிக்கும் டெனிஸ் பிரையன் தம் குடும்பத்தில் நேர்ந்த துயரத்தால் ஊருக்குச் செல்ல நேர்ந்தது. மாற்று ஆள் கிடைக்கவில்லை. தாளக் கருவி ஒன்றைக் கொண்டு முயன்றனர். அது உயிரற்று ஒலித்தது. அப்போது தயாரிப்பாளர் ஆல்பி கலூட்டனுக்கும் ஒலிப்பதிவாளர் கார்ல் ரிச்சர்ட்சனுக்கும் ஒரு யோசனை தோன்றியது. 'நைட் ஃபீவர்' என்னும் வேறொரு பாட்டுக்காக டெனிஸ் ஏற்கெனவே வாசித்திருந்ததில் ஒரு சிறு துண்டைத் தேர்ந்தெடுத்தனர். அதை ஒலிநாடாவில் படியெடுத்து, நாடாவின் தலையையும் வாலையும் ஒட்டி ஒரு வளையமாக்கினர். கருவிக்குள் அடங்காத அந்த நீண்ட வளையத்தை மைக் நிறுத்தும் கம்பத்தின்மேல் சுற்றிவிட்டு ஓடவிட்டனர். பூக்கட்டும் நார் போல அது சுற்றிச் சுற்றி வந்தது. அதே அடி திரும்பத் திரும்ப ஒலித்தது.

மனிதர் வாசித்தால், உற்சாகம் வரும்போது கை சற்று விரையும். களைப்பு வந்தால் சற்றுத் தளரும். வளையத்துக்கு உற்சாகமும் இல்லை, களைப்பும் இல்லை. ஆனால் அதில் ஒலித்தது மனிதக் கை வாசித்த அடி. ஆகவே உயிரோட்டம் குறையவில்லை. தற்காலிகமாகச் செய்த அந்த ஏற்பாடு எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று, அப்படியே நிலைத்துவிட்டது. இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்தவர் பெயர் போடவேண்டுமே! விளையாட்டாக 'பெர்னார்ட் லூப்' என்று ஒரு பெயரைப் புனைந்து போட்டார்கள். 'லூப்' என்றால் வளையம். அந்த அருமையான கலைஞர் எங்கே இருக்கிறார் என்று பின்னர் சிலர் விசாரித்தார்களாம்!

இன்று கணினியில் ஒரு தாளத்தை வெட்டித் திரும்பத் திரும்ப ஒட்டுவது சிறுவர்களுக்கும் எளிது. அன்று நாடாவை வெட்டி ஒட்டிக் கையாலேயே செய்தார்கள்.

உச்சியும் வீழ்ச்சியும்

திரைப்படம் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' என்னும் பெயரில் 1977 டிசம்பரில் வெளிவந்தது. அது பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பதற்குரிய படமன்று, நானும் பார்த்ததில்லை. ஆனால் அதன் தொடக்கக் காட்சி உலகறிந்தது. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், வண்ணப்பூச்சுக் கடையில் வேலை செய்யும் ஓர் இளைஞன், கையில் வண்ண டப்பாவோடு தெருவில் வீறுநடை போடுகிறான். ஜான் டிரவோல்டா நடித்த அந்த நடைக்கு இந்தப் பாட்டே பின்னணி.

1978 பிப்ரவரியில் பாட்டு அமெரிக்க இசைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து நான்கு வாரங்கள் அங்கேயே இருந்தது. படத்தின் பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டுத் தொகுப்பு தொடர்ந்து 24 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 1979இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு என்னும் கிராமி விருதும் பெற்றது.

பகட்டான நடையோடு தொடங்கினாலும், இந்தப் பாட்டு வெறும் பகட்டு அன்று. பெரிய நகரத்தில் எப்படியாவது பிழைத்திருக்கப் போராடும் ஒருவனின் குரல் அது. முடிவில் அவன் தன் வாழ்வு எங்கும் போய்ச் சேரவில்லையே என்று தவித்து, உதவிக்கு ஆள் கேட்கிறான். ஆடிக்கொண்டே கேட்டவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்தார்களோ!

உச்சிக்குப் போனது இறங்கித்தானே ஆகவேண்டும்? எங்கு திரும்பினாலும் டிஸ்கோ என்றானதும் பலருக்குச் சலிப்பு வந்தது. அந்தச் சலிப்போடு, அதை வளர்த்த கறுப்பின மக்கள் முதலானோர்மீது சிலருக்கிருந்த வெறுப்பும் கலந்திருந்தது என்று பின்னாளில் பலர் எழுதினர். 1979 ஜூலை 12ஆம் நாள், சிகாகோ நகரின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரு ஆட்டங்களுக்கு இடையே, ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வைத்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் மைதானத்துக்குள் பாய்ந்தது. புல்தரை கிழிந்தது, அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. வார இறுதிகளில் பீ ஜீஸ் பாட்டு ஒன்றுகூட ஒலிக்காது என்று பெருமையாக அறிவித்த வானொலி நிலையங்களும் இருந்தன.

சகோதரர்கள் சோர்ந்துவிடவில்லை. 1980களில் பார்பரா ஸ்ட்ரைசண்ட், டயான் வார்விக், கென்னி ராஜர்ஸ், டாலி பார்ட்டன் முதலியோருக்குப் பாட்டெழுதிக் கொடுத்தனர். தங்கள் குரலைக் கேட்க விரும்பாதவர்களும் தங்கள் பாட்டை விரும்பிக் கேட்கும்படி செய்தனர்!

சிகாகோவுக்குத் திரும்பிய பாட்டு

இனி மருத்துவத்துக்கு வருவோம். 1960இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் மூவர் ஒரு செய்தியை உலகுக்கு அறிவித்தனர். நின்றுபோன இதயத்தை இயக்க மார்பைப் பிளக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து இரு கைகளால் அழுத்தினாலே இரத்தம் ஓடும் என்பதே அது. இதயம் நின்றால் மூளைக்கு இரத்தம் போவதில்லை. நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மூளை கெடத் தொடங்குகிறது. ஆம்புலன்ஸ் வந்துசேரும்வரை இதயத்தின் வேலையை நம் கைகள் செய்யவேண்டும்.

எந்த வேகத்தில்? இன்றைய விதி, பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. மெதுவாக அழுத்தினால் போதிய இரத்தம் போகாது; மிக விரைவாக அழுத்தினால் இதயம் மீண்டும் நிரம்ப நேரமிராது. பதற்றத்தில் இருக்கும் மனிதருக்கு இந்த வேகத்தைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பியோரியா மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டேவிட் மேட்லாக் என்பவர் ஒரு சிறு சோதனை செய்தார். மருத்துவர்களும் மாணவர்களுமாகப் பதினைந்து பேர், 'ஸ்டேயின் அலைவ்' பாட்டைக் கேட்டுக்கொண்டே பொம்மையின் மார்பை அழுத்தினர். சராசரி வேகம் நிமிடத்துக்கு 109. ஐந்து வாரங்கள் கழித்து, பாட்டு இல்லாமல், மனத்துக்குள் மட்டும் அதை நினைத்துக்கொண்டு அழுத்தினர். சராசரி 113. இரண்டும் சரியான வேகமே! பதினைந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் அதன் முடிவு பயிற்சி தருவோரிடையே வேகமாகப் பரவியது. 2008இல் அவர் அதை ஒரு மருத்துவர் மாநாட்டில் எடுத்துரைத்தார். மாநாடு நடந்த நகரம் எது தெரியுமா? சிகாகோ! டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்த அதே ஊருக்கு, உயிர்காக்கும் துணையாக அந்தப் பாட்டு திரும்பி வந்தது. 2012இல் பிரிட்டனின் இதய நலச் சங்கமும் இந்தப் பாட்டைக் கொண்டே தொலைக்காட்சியில் மக்களுக்குப் பாடம் நடத்தியது.

கணக்கில் ஆர்வமுள்ள தோழியர் சரிபார்த்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 103 என்றால், 30 அழுத்தத்துக்கு ஏறக்குறைய பதினேழரை வினாடி. முப்பது அழுத்தம் 15 முதல் 18 வினாடிக்குள் முடியவேண்டும் என்பதே விதி. எவ்வளவு பொருத்தம்! இதே அளவுக்குப் பொருந்தும் இன்னொரு பாட்டும் உண்டு. 'குவீன்' குழுவினர் 1980இல் பாடியது. ஆனால் அதன் பெயருக்கு 'இன்னொருவனும் மண்ணைக் கவ்வினான்' என்று பொருள்! உயிரைக் காக்கும்போது அதைப் பாடுவது அழகா?

ஆனால் ஒன்று. வேகத்துக்குத்தான் பாட்டு உதவும். எவ்வளவு ஆழம் அழுத்துவது என்பதைக் கைதான் பழகவேண்டும்.

நாம் அறியவேண்டியது

சென்ற ஆண்டு எங்கள் தெருமுனையில் ஒரு பெரியவர் திடீரெனச் சுருண்டு விழுந்தார். பேச்சில்லை, மூச்சில்லை. நாங்கள் எல்லாரும் ஓடினோம். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார், ஒருவர் விசிறினார், ஒருவர் சோடா வாங்க ஓடினார். நான் அவர் தலைமாட்டில் நின்று அழுதேன். மார்பில் கைவைக்க எவருக்கும் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் விரைந்துதான் வந்தது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. எங்கள் அன்பில் குறையில்லை, அறிவில்தான் குறை. செவிலியர் அக்கா பொம்மையைத் தரையில் கிடத்தியபோது நான் பதறி அழுத்தியதற்குக் காரணம் அந்தப் பெரியவரின் முகம்தான்.

அக்கா கற்றுத்தந்தவற்றை இங்கே தருகிறேன். விழுந்தவரின் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் உடனே 108க்குத் தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள். விட்டுவிட்டு வரும் திணறல் மூச்சை மூச்சென்று எண்ணி ஏமாறாதீர்கள். அவரைக் கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். மார்பின் நடுவில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றொரு கையைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்காமல், உடல் பாரத்தைக் கொண்டு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக எழும்ப விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். நல்ல நிலையில் உள்ளவர்மீது விளையாட்டாக ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள், பொம்மையில்தான் பழகவேண்டும். பெற்றோர்களே, நீங்களும் ஒருநாள் இந்தப் பயிற்சியைப் பெறுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நிறைவாக

அந்தச் சகோதரர்களில் மாரிஸ் 2003இலும் ராபின் 2012இலும் காலமானார்கள். அவர்களுடைய கடைசித் தம்பி ஆண்டி 1988இலேயே, முப்பது வயதில் இறந்துபோனார். தம்பியர் மூவரையும் இழந்து பாரி தனித்து நின்றார். 'உயிரோடு இருத்தல்' என்று ஒரே குரலாய்ப் பாடியவர்களுள் இருவர் இன்று இல்லை, பாட்டு இருக்கிறது.

பாட்டுகள் நீடித்து வாழக் காரணம் பல. சில சொல்லழகால் வாழ்கின்றன. சில குரலினிமையால் வாழ்கின்றன. இந்தப் பாட்டு தன் நடை மாறாத அடியாலும் வாழ்கிறது. துயரத்தால் ஒருவர் வரமுடியாமற் போன இடத்தை நிரப்பப் பிறந்த அந்த அடி, இன்று எங்கோ ஒரு தெருவில், நின்றுபோன ஓர் இதயத்தின் இடத்தை நிரப்ப உதவுகிறது. ஆடலரங்கில் கேட்டதைப் பயனற்றது என்று ஒதுக்கியவர்கள் இதை எதிர்பார்த்திருப்பார்களா?

தாத்தா இப்போது மாலைதோறும் அந்தப் பாட்டைப் போடச் சொல்கிறார். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, தாளம் தவறாமல் அழுத்திப் பழகுகிறார். "உன் பாட்டிக்கு ஒன்று என்றால் நான் சும்மா நிற்கக் கூடாதல்லவா?" என்கிறார். எண்பதை நெருங்கும் அவரே கற்கும்போது, தோழியரே, நாம் கற்கவேண்டாமா?